கொதித்த தண்ணீர்

பிரசவ விடுப்பு முடிந்து ஒரகடத்து ஆய்வகத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரம். பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏ இரண்டே குழாய்களில் மிச்சமிருந்தது. மறுநாள் அதை வளர்ப்புச் செல்களுக்குக் கொடுக்க வேண்டும். செத்த பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கான எண்டோடாக்சின் கூடவே போனால் செல்கள் கெட்டுவிடும். அதை நீக்குவது என் வேலை.

டிடர்ஜென்ட் கலந்து ஐஸில் வைத்தேன். வெதுவெதுப்பான நீருக்கு மாற்றியதும் கலங்கியது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் இரண்டு அடுக்கானது. அழுக்கு அடியில், டிஎன்ஏ மேலே. மேலடுக்கை மட்டும் எடுத்தேன். மூன்று முறை. அடியைத் தொட்டுவிட்டேனோ என்று மூன்று முறையும் சந்தேகம். கடைசியில் ஆல்கஹால் விட்டு டிஎன்ஏவைப் படிய வைத்து, தண்ணீரில் கரைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கேன்டீனில் எதிரே இருந்த சீனியர் அக்கா, வாலாஜாபாத்காரர், சாதத்தைப் பிசைந்தபடி கேட்டார்.

"எந்தத் தண்ணில கரைச்ச?"

"ஆட்டோகிளேவ் பண்ணது இருந்துச்சே, அதுலதான்க்கா."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஆட்டோகிளேவின் கொதியில் பாக்டீரியா சாகும். எண்டோடாக்சினுக்கு உயிரே இல்லை, சாவதற்கு. அது இல்லாத தண்ணீரைத் தனியாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம். நான்கு வருடம் அதைத்தான் எடுத்திருக்கிறேன். ஆறு மாதம் பால் பாட்டிலைக் கொதிக்க வைத்ததில் கைக்கு வேறு பழக்கம் வந்திருந்தது.

"இன்னாம்மா, பால் பாட்டில்னு நெனச்சிக்கினியா?" என்று சிரித்தார். "டெஸ்ட் போட்டுப் பாரு. நல்லாக்கூட இருக்கும்."

எண்டோடாக்சின் பட்டால் உறையும் மருந்தில் ஒரு துளி கலந்து, அந்தச் சோதனைக் குழாயை ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்துத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வழிந்தால் சுத்தம். கூழாக ஒட்டிக்கொண்டால் இல்லை. பக்கத்திலேயே நின்றேன். மார்பு கனத்தது. பால் எடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. போகத் தோன்றவில்லை.

கவிழ்த்தேன். விழவில்லை.

"சரி வுடு. மறுபடியும் பண்ணா கொஞ்சம் டிஎன்ஏ போவும், அவ்ளோதான். ஐஸ் எடுத்துனு வா" என்றார் அக்கா.

குன்றத்தூரில் குழந்தையோடு இருந்த கணவருக்குப் போன் செய்து, அடுத்த பஸ்ஸில்தான் வருவேன் என்றேன்.

"பாப்பா குடிச்சிட்டா. பாட்டில கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன். நீ கேக்கறதுக்குள்ள சொல்லிட்டேன், போதுமா?"

எத்தனை நிமிடம் என்று கேட்பது என் வழக்கம். அன்று "சரி" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம், ஃப்ரிட்ஜ் தண்ணீரில் கரைத்துப் போட்ட இரண்டாவது சோதனையில் வழிந்தது. இரண்டு குழாய் டிஎன்ஏவும் சேர்ந்து ஒரு குழாய் அளவுதான் தேறியது. நாளைக்கு அது போதும் என்று அக்கா கையைக் கழுவப் போனார். நான் சோதனைக் குழாயை இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்தேன்.