இருபதடி மெத்தை

மெத்தைக் கம்பெனியில் அவரைப் ‘பாயிண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புரோகிராம் எழுதுகிறவர். எந்த விவரம் கம்ப்யூட்டரில் எங்கே கிடக்கிறது என்று விலாசம் மட்டும் காட்டுவது பாயிண்டர். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வீட்டில் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்றுதான் தெரியாது.

அந்த விலாசத்துக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் முதலில் மெத்தையின் நீளம், அடுத்து எண்ணிக்கை என்ற வரிசையைத் தீர்மானிப்பது அவர் மனைவி. அதே ஆபீஸ், இரண்டு மேஜை தள்ளி. வரிசையை அவள் புரோகிராமுக்கு வெளியே ஒரே இடத்தில் எழுதி வைப்பாள்; எல்லாப் புரோகிராமும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விதி சர்க்கரை டப்பா உருவத்தில் வந்தது. சமையலறை அலமாரியை மாற்றி அடுக்கிய மனைவி, எது எங்கே என்று பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினாள். அவர் படிக்கவில்லை. அவள் காபியில் உப்பைப் போட்டார்.

“என் வீட்டுல சர்க்கரை எடுக்க நான் நோட்டீஸ் படிக்கணுமா?”

“படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க.”

பேச்சு நின்றது. முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். அந்த வீம்பில் அவர் மனைவியின் வரிசையைத் தன் புரோகிராமிலிருந்து தூக்கி எறிந்துவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்ததைத் தானே எழுதிக்கொண்டார். அதே வாரம் முதலாளி சொன்னபடி மனைவி எண்ணிக்கையை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தாள். பாயிண்டர் காட்டிய விலாசம் சரிதான். குடியிருந்தவர்கள் அறை மாறியிருந்தார்கள்.

முதலாளியின் மாமியார் ஆறடி மெத்தை ஒன்று கேட்டார். ஓரடி மெத்தை ஆறு போய் இறங்கியது. ஒரு விடுதி ஆறடி மெத்தை இருபது கேட்டது. இருபதடி மெத்தை ஆறு தயாரானது.

மெத்தை வெட்டும் கூடத்து மேஸ்திரி ஓடி வந்தார். “சார், உங்க புரோகிராம் அடிச்ச சீட்டுல இருக்கறதைத்தான் வெட்டினேன். இருபதடியில யாரு படுப்பா? குடும்பமே ரயில் மாதிரியா?”

பின்னாலேயே முதலாளி. “ஆறையும் வரிசையா அடுக்கிப் படுத்தாங்களாம் மாமியார். புரண்டதும் நடுவுல விலகி இடுப்பு தரையில! சாயங்காலம் லாரி கிளம்பறதுக்குள்ள சரியாகலன்னா நீங்க வேற கம்பெனி பாத்துக்குங்க!”

பாயிண்டர் வெளிறிப்போனார். அப்போதும் வீம்பு போகவில்லை. “மேஸ்திரி, வரிசையை மாத்தினாங்களான்னு அவங்களைக் கேளுங்க.”

“மேடம், சார் கேக்கறாரு...”

“காது கேக்குது. வாய் இருக்கறவங்க நேர்ல கேக்கட்டும்.”

“சார், மேடம் சொல்றாங்க...”

“எனக்கும் கேக்குது!”

“அப்ப நடுவுல நான் எதுக்கு?” என்று மேஸ்திரி நடையைக் கட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது போனது. போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கோரக் காட்சியில் அவர் நெஞ்சு உடைந்தது. எழுந்தார். இரண்டு மேஜை தூரத்தைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றார்.

“ஏம்மா... என் வரிசையைத் தூக்கிடறேன். உன்னுதையே எடுத்துக்கறேன்.”

அவள் கண் நிறைந்தது. “இந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை நாளா?”

அவர் தன் வரிகளை அழித்து, வெளியே எழுதியிருப்பதை எடுத்துக்கொள் என்று ஒரே வரி போட்டார். புதுச் சீட்டைப் பார்த்து மேஸ்திரி மறுபடி வெட்ட, லாரி ஆறடி மெத்தைகளோடு கிளம்பியது. வேலை தப்பியது.

மறுநாள் காலை அவர் முந்தி எழுந்து, பிரிட்ஜ் கதவின் முன் பயபக்தியோடு நின்று, சீட்டைப் படித்து, அதன்படியே அள்ளிப் போட்டுக் காபியை நீட்டினார். ஒரு வாய் குடித்த மனைவியின் முகம் கோணியது.

“எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“நீ எழுதினபடிதான்!”

“ஐயய்யோ! பாவம், தடுமாறுவீங்களேன்னு நேத்து சாயங்காலம்தான் சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் பழைய இடத்துல வச்சேன்.”

“சீட்டை?”

“மாத்தலையே...”

ஜெயிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வாங்கி மிச்ச உப்புக் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.