ஒரு காலை, மூன்று கதவுகள்

விரல்கள் கணினியின் விசைப்பலகையில் ஓடின. கண் வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை விட்டு நகரவில்லை. நீதிமன்ற வாசலில் பதினெட்டு வருடமாக மனு அடிக்கிறார். எல்லோருக்கும் டைப்பிஸ்ட் அக்கா. தாளில் உள்ளதை அடிப்பார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

அன்றைய மனு ஒரு பூட்டுக்காரருக்கு. வீட்டு உரிமையாளர் என்று சொல்லி ஒருவன் கூப்பிட, ஒரே கட்டடத்தில் ஒரே காலையில் மூன்று வீடுகளைத் திறந்துவிட்டிருக்கிறார். அவன் அள்ளிக்கொண்டு போய்விட்டான். உடந்தை என்று இவர்மேல் மூன்று வழக்கு. தனித்தனியாக விசாரித்தால் மூன்றிலும் கள்ளனாகத்தான் தெரிவார். சேர்த்து விசாரித்தால்தான் ஒருவனிடம் ஏமாந்த கதை விளங்கும். அதைக் கேட்கும் மனு பத்தரைக்குள் உள்ளே போக வேண்டும். பெஞ்சின் நுனியில் பூட்டுக்காரரின் மனைவி பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வக்கீலுக்கு ஒரு பழக்கம்: கடைசிப் பக்கத்தை முதலில் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு நீதிமன்றத்துக்குப் போய்விடுவார். இன்றும் போயாயிற்று. போன் அணைந்திருந்தது.

முதல் பக்கத்தின் நடுவில் அக்காவின் விரல்கள் நின்றன. மூன்றாவது சம்பவத்தின் தேதி மட்டும் மூன்று நாள் தள்ளியிருந்தது.

"ஏம்மா, மூணு வீட்டையும் ஒரே நாள்லதானே தெறந்தாரு?"

"ஒரே நாள்தான் அக்கா. மூணாவது வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. வந்து பாத்துட்டுதான் புகார் குடுத்தாரு."

புகார் கொடுத்த தேதியைச் சம்பவத் தேதியாக எழுதியிருக்கிறார் வக்கீல். வேறு நாள், வேறு குற்றம் என்று அரசுத் தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்.

மனுவுக்காகக் காத்து நின்ற வக்கீலின் குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். "வக்கீல் எழுதினதுல கை வைக்காதீங்கக்கா. அடிக்கிறது உங்க வேலை, வாங்கிக் கட்டிக்கிறது என் வேலை."

"புகார் நகலை எடுத்துப் படிங்க."

படித்தார். வக்கீல் எழுதிய தேதியைத் தன் பேனாவாலேயே திருத்தினார்.

சரியான தேதியும் விளக்கமும் சேர்த்ததில் இரண்டு வரி கூடிவிட்டது. வக்கீல் கையெழுத்துப் போட்ட இரண்டாம் பக்கத்தைத் தொட முடியாது. முதல் பக்கம் பழைய சொல்லிலேயே முடிந்தாக வேண்டும். பத்திகளின் இடைவெளியை நூல் நூலாகக் குறைத்தார். முதல் அச்சில் ஒரு வரி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. மனைவி எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்தின் ஓரத்தையும் ஒரு நூல் தள்ளி மறுபடி எடுத்தார்.

சூடு ஆறாத தாளில் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசிச் சொல் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லோடு பொருந்தியது. மணி பத்து இருபத்தாறு. இரண்டையும் சேர்த்துப் பின் குத்தி, குமாஸ்தாவின் கையில் கொடுத்தார்.