சின்னத் தோட்டா, பெரிய தோட்டா

காலாட்படையில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, விவேக் நகரில் குடியேறியவன் நான். என்னோடு, பத்துப் பேர் கொண்ட ஒரே செக்‌ஷனில் இருந்த நண்பனும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். அவன் வலது தொடையில் குண்டு பட்டவன். தடி ஊன்றிச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். தினமும் காலையில் ஒன்றாக டீ குடிப்போம். மெட்ரோ வேலை, தண்ணீர் லாரி, தேர்தல் என்று எல்லாம் பேசுவோம். அவனுக்குக் குண்டு பட்ட நாளைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ஹாலில் முன்னாள் ராணுவத்தினர் முப்பது நாற்பது பேர் கூடுவோம். பென்ஷன் சமாச்சாரம் முடிந்ததும் ஏதாவது ஒரு தலைப்பில் விவாதம் வைப்பார்கள். போன வருஷம் எங்கள் செயலாளர், ஓய்வு பெற்ற கேப்டன், அடுத்த கூட்டத்துக்கு ஒரு தலைப்பு சொன்னார். காலாட்படைத் துப்பாக்கியின் தோட்டாவை மாற்ற வேண்டுமா? நாங்கள் சுமந்தது சின்னத் தோட்டா. இப்போது சில இடங்களுக்குப் பெரிய தோட்டா சுடும் துப்பாக்கி வந்துவிட்டது. எல்லோருக்குமே அதைக் கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

"மாத்தணும்னு நீங்க பேசுங்க" என்று என்னைக் காட்டினார். "வேணாம்னு யாரு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் கையைத் தூக்கினான். எனக்குச் சுருக்கென்றது. குண்டு வாங்கியவனே சின்னத் தோட்டாவுக்கு வக்காலத்து வாங்குகிறானே!

அவனுக்குக் குண்டு பட்ட அன்று நடந்தது இதுதான். வடக்கே ஒரு மலைக்காட்டில் விடியற்காலை ரோந்து. ஓடைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஒருவன் எழுந்தான். நான் இரண்டு முறை சுட்டேன். அவன் விழவில்லை. நின்றபடியே திருப்பிச் சுட்டான், நண்பன் விழுந்தான். பெரிய தோட்டாவாக இருந்திருந்தால் முதல் சூட்டிலேயே அந்த ஆள் சாய்ந்திருப்பான், நண்பனுடைய கால் தப்பியிருக்கும். இப்படித்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு பக்கம் எழுதினேன். சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏங்க, இது தோட்டாவப் பத்தின பேச்சு மாதிரி தெரியலியே" என்றாள்.

"பின்ன?"

"யாரோ உங்க மேல கேஸ் போட்ட மாதிரியும் நீங்க பதில் சொல்ற மாதிரியும் இருக்கு."

நான் காகிதத்தை மடித்தேன். அவள் சொன்னது சரி. தோட்டா சின்னதாக இருந்தது ஒரு பக்கம். நான் சுட்ட இரண்டும் அவன் மேல் பட்டனவா என்பதே எனக்குத் தெரியாது. குறி தப்பியிருந்தால் எந்தத் தோட்டாவும் உதவியிருக்காது. அந்தச் சந்தேகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டத்தன்று முதலில் நான் பேசினேன். பெரிய தோட்டா எட்டப் பாயும், சுவரைத் துளைக்கும், பட்டவன் எழுந்திருக்க மாட்டான் என்றேன். ஓடைக்கரைச் சம்பவத்தையும், யார் என்று சொல்லாமல், சேர்த்துக்கொண்டேன். பலர் தலையாட்டினார்கள். அடுத்து நண்பன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"இவன் சொன்ன ஓடைக்கரை, என் கதைதான்" என்று ஆரம்பித்தான். "இவன் ரெண்டு ரவுண்டு போட்டான். ரெண்டும் பட்டுச்சு, நான் கண்ணால பாத்தேன். ஆனா ஆள் உடனே விழல. அவன் சுட்டது என் தொடையில பட்டுச்சு. இது வரைக்கும் இவன் சொன்னது கரெக்ட்டு. அப்புறம் நடந்தது இவனுக்குத் தெரியாது."

நாற்காலியை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னான்.

"என் காலரப் புடிச்சு இழுத்துக்கிட்டு பாறைப் பக்கம் போனான். திரும்பியே பாக்கல. நான் மல்லாக்கக் கெடந்தபடியே சுட்டுக்கிட்டுப் போனேன். மேல மரத்துக்கு நடுவுல இன்னும் மூணு பேர் இருந்தானுங்க. இவன் முதுகு அவனுங்களுக்கு நேரா இருந்துச்சு. நான் சுடச்சுட அவனுங்க தலையத் தூக்கல. பாறைக்குப் பின்னாடி வந்து சேர்றப்ப கடைசி மேகசின்ல பாதிதான் மிச்சம். பெரிய தோட்டான்னா அதே கனத்துக்குப் பாதிதான் தூக்கிட்டுப் போயிருப்பேன். நடு வழியிலேயே தீந்திருக்கும். நாங்க ரெண்டு பேருமே இன்னிக்கு இங்க இருந்திருக்க மாட்டோம்."

உட்கார்ந்துவிட்டான்.

அன்று காதருகே கேட்ட துப்பாக்கிச் சத்தம் எங்கள் ஆட்களில் மற்றவர்களுடையது என்றே நான் நினைத்திருந்தேன். பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். எழுதி வைத்ததை எடுக்கவே இல்லை. "பெரிய தோட்டா வேணும்னு இப்பவும் சொல்றேன்" என்றேன். "ஆனா செக்‌ஷன்ல ரெண்டு பேர் கையில இருந்தாப் போதும். மத்தவங்க நெறைய தூக்கட்டும்." யாரும் கிண்டல் செய்யவில்லை.

கேப்டன் ஓட்டெடுப்பு வேண்டாம் என்றார். எது வந்தாலும், அதைச் சுமந்து மலையேறப் போகிற சிப்பாயிடம் முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று ராணுவத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். யாராவது படிப்பார்களா தெரியாது. எழுதியதில் எங்களுக்குத் திருப்தி.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்டேன். "ரெண்டும் பட்டுச்சா? நெஜமாவா?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "மிஸ் பண்ணிட்டேன்னா நெனச்சுக்கிட்டு இருந்தே, இத்தன வருஷமா?"

"ஆமா."

"கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனேடா." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவனே தொடர்ந்தான். "நீ என் காலப் பாக்கற பார்வை எனக்குப் புடிக்கல. அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு உன்னக் கூட்டிட்டுப் போறதே இல்ல. புதன்கிழம டாக்டரப் பாக்கணும். சாஞ்சு சாஞ்சு நடந்து முட்டி தேஞ்சிருச்சாம், ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாரு. வர்றியா?"

போனேன். டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு பேர் கையில் பெரிய தோட்டா போதுமா, மூன்று பேரா என்று அங்கே வாக்குவாதம் ஆரம்பித்தது. ஒரே ஒரு ஆள் போதும் என்று அவன் சொன்னான், நான் விடவில்லை. நர்ஸ் வந்து, "சார், ஸ்வல்ப மெல்லகெ மாத்தாடி" என்று, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லி, கன்னடத்தில் அதட்டிவிட்டுப் போனாள். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. சாய்வு முழுதாகப் போகவில்லை, ஆனால் தடியை விட்டுவிட்டான். நேற்று மார்க்கெட் வரைக்கும் நடந்தோம். திரும்பும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவன் முன்னால் போய் நின்று, சீக்கிரம் வா என்று கையசைத்தான்.