உம்மா பதில் சொன்ன புத்தகம்

டாரட் என்ற சொல்லை நான் முதன்முதலில் கண்டது கணவரை இழந்து இத்தாவில் இருந்த காலத்தில். எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவர் வயல் வட்டையில் வேளாண்மை பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நெஞ்சு நோகுது என்று சொல்லிப் படுத்தவர் எழும்பவில்லை. மௌத்து வீட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. காலையில் தோய்த்துப் போட்ட அவருடைய சாரன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை யார் மடித்து வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள்.

பிறகு இத்தா. நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும். நான் படிப்பித்த பெண்கள் பள்ளிக்கூடம் எங்கள் தெருவின் அடுத்த முனையில்தான் இருந்தது. காலை மணியடிப்பது அறைக்குள் கேட்கும். கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். துக்கம் என்று சொல்வதற்குக்கூட ஒன்றுமில்லை. சோற்றைத் தந்தால் தின்பேன், பாயை விரித்தால் படுப்பேன், அவ்வளவுதான்.

இத்தாவில் இருக்கிறவளிடம் மறு கலியாணம் பேசக்கூடாது என்பது மார்க்கம். எங்கள் ஊர் ஆட்கள் மார்க்கத்தை மீறவில்லை. என்னிடம் பேசவில்லை, அவ்வளவுதான். வாப்பா இல்லாத வீட்டில் பொறுப்பெல்லாம் உம்மாவின் காக்காவுக்கு, அதாவது என் மாமாவுக்கு. அவர் வெளி அறையில் உட்கார்ந்து உம்மாவோடு கதைப்பார். கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கிற ஒருவர், மனைவி மௌத்தாகி ரெண்டு பிள்ளைகளோடு இருக்கிறாராம், நல்ல மனுசனாம். வாத்தியார் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம். நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலை. சொல்லாமல் சொல்கிற வேலையை மாமா நன்றாகச் செய்தார். இத்தா முடிகிற அன்று ஒரு சொல் கொடுத்தால் போதும் என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் அந்த மனிதரை நினைத்தல்ல. மாமா எதைச் சொன்னாலும் ஓம் என்றுதான் என் வாயில் வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் மனதில் கொஞ்சம் தெம்பு வேண்டும். என்னிடம் அது இருக்கவில்லை.

என் தம்பி ஐஸ் லொறியில் அறுகம்பே போய் மீன் எடுத்து வருகிறவன். வாசிக்க ஏதாவது கொண்டு வா என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அங்கே அலையில் பலகை ஓட்ட வருகிற வெள்ளைக்காரர் தங்கும் வீடொன்றில் அவர்கள் விட்டுப்போகும் புத்தகங்கள் கிடக்கும். அவன் ரெண்டு கொண்டு வந்தான். படம் நிறைய இருந்ததால் எடுத்தானாம். வீட்டுக்காரர் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னாராம், மற்றதை அடுத்த கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ரெண்டிலும் ஒரே படங்கள். வாளோடு ஒரு ராணி, குதிரையில் ஓர் எலும்புக்கூடு, கோபுரத்திலிருந்து விழுகிற மனிதர்கள். டாரட் என்கிற சீட்டுக்கட்டாம், மேல்நாட்டில் அதைப் பரப்பிக் குறி சொல்வார்களாம். உம்மா எட்டிப் பார்த்தா.

"கடதாசிக் கூட்டமா? குறி பாக்கிறது ஹறாம் புள்ள. ரெண்டையும் அடுப்புல போடு."

நான் போடவில்லை. மார்க்கத்தை எதிர்க்கிற துணிவெல்லாம் இல்லை, எழும்பி அடுப்படிக்குப் போகச் சோம்பல். அந்தக் கிழமை முழுக்க ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். தடித்த புத்தகம் எல்லாப் படத்துக்கும் பலன் சொன்னது. இது வந்தால் பயணம், இது வந்தால் நட்டம், இது வந்தால் கலியாணம். அழகான எழுத்து, நல்ல கடதாசி. வாசிக்க வாசிக்க வெளி அறையில் மாமா கதைப்பது போலவே இருந்தது. என்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு பெண்ணும் என் வருங்காலத்தைச் சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடித்தாள். அதற்கு மேல் ஒரு புத்தகமும் எதற்கு?

மெல்லிய புத்தகம் பலன் சொல்லவில்லை. ஒரு படம், அதற்குக் கீழே ஒரு கேள்வி, அதற்குக் கீழே எழுதுவதற்கு வெற்றுக் கோடுகள். நாளுக்கு ஒரு பக்கமாக உன்னைப் பற்றி எழுது, உன்னை நீயே அறிந்துகொள் என்று முன்னுரை சொன்னது. முந்தி வைத்திருந்தவள் முதல் ரெண்டு பக்கத்தில் ஏதோ எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள். அட்டையில் உப்பு பூத்திருந்தது. அதையே எடுத்தேன். தடித்தது ஐஸ் லொறியில் திரும்பிப் போனது.

இது குறி இல்லை, கேள்விதான் என்று உம்மாவுக்குச் சொன்னேன். உம்மா நம்பவில்லை. இங்கிலீசு தெரியாத தன்னை நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்தா. ஒவ்வொரு பக்கத்தையும் தனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், குறி இருந்தால் அன்றைக்கே அடுப்பு என்று கட்டளை போட்டா. அப்படித்தான் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அரிசி புடைக்கிற சுளகோடு உம்மா என் அறைக்கு வரத் தொடங்கினா.

முதல் நாள் கேள்வி, நீ எதைச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது. நான் தமிழில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். உம்மா சுளகைத் தட்டிக்கொண்டே தன் முழங்கால் வாதத்தைச் சொன்னா, வாப்பா விட்டுப்போன வளவுக் காணி வழக்கைச் சொன்னா. அடுத்த நாள், நீ எதை விட்டுவிட வேண்டும்? அந்தக் கிழட்டு மாட்டை விற்றுவிட வேண்டும் என்றா உம்மா, யோசிக்கவே இல்லை. உனக்கு யார்மேல் கோபம்? அதற்குப் பொழுதுபட்டு மஃரிப் வாங்கு சொல்லும்வரை பதில் வந்தது. பக்கத்து வளவுக்காரி, செத்துப்போன மாமியார், மதகைத் திறக்காத தண்ணீர்க்காரன், ஒருவரும் தப்பவில்லை.

தம்பி ஒரு கொப்பி வாங்கித் தந்திருந்தான். எனக்கென்று எழுத ஒன்றும் இல்லாததால் உம்மா சொன்னதை எழுதினேன். வெறுங்கையோடு இருப்பதற்கு அது பரவாயில்லை. உம்மா சில நாள் என்னைப் பார்த்து, "நீ என்ன எழுதின?" என்று கேட்பா. "ஒண்டுமில்ல" என்பேன். உம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரிசியில் கல் பொறுக்குவா. தன்னை அறிந்துகொள்ளச் சொன்ன புத்தகத்தில் நான் உம்மாவைத்தான் அறிந்துகொண்டேன். அத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும், உம்மாவுக்குக் கடல் என்றால் பயம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இத்தா முடிவதற்கு முதலே புத்தகம் முடிந்துவிட்டது. கடைசி நாள் என்னைக் குளிக்க வார்த்து நிறச் சேலை உடுத்தினார்கள். பச்சை. உடம்பில் வேறு யாருடையதோ போல இருந்தது. மாமா வந்து வெளி அறையில் உட்கார்ந்தார். இனி அவர் என்னிடமே கேட்கலாம், தடையில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. உம்மாவைப் பார்த்து, அப்ப நான் போய்ச் சொல்லிவிடவா என்றார்.

உம்மா பதில் சொல்லாமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினா. கையில் சுளகு இல்லை. பாயில் என் முன்னால் உட்கார்ந்தா.

"இண்டைக்கு என்ன கேள்வி?"

"புத்தகம் முடிஞ்சி போச்சி உம்மா."

"அப்ப நான் கேக்கிறன். அந்த மனுசனக் கலியாணம் முடிக்க உனக்கு விருப்பமா?"

வழக்கம்போல உம்மாவே பதிலையும் சொல்லுவா என்று காத்திருந்தேன். இத்தனை நாளாக அதுதான் நடந்தது. உம்மா வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. மாமா வெளியே செருமினார். உம்மா அசையவில்லை.

"விருப்பமில்ல உம்மா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்குப் பள்ளிக்கூடம் போக வேணும்."

உம்மா தலையணைக்குக் கீழே இருந்த கொப்பியை இழுத்து என் மடியில் வைத்தா.

"அத எழுது."

எழுதினேன். முதல் சொல் எழுதி முடிவதற்குள் மௌத்து வீட்டில் வராத அழுகை அப்போது வந்தது. வாயைச் சேலையால் பொத்தியும் சத்தம் நிற்கவில்லை. உம்மா என்னைத் தொடவில்லை, தேற்றவுமில்லை. எழும்பி, கதவைத் திறந்து வெளியே போனா.

புள்ளைக்கிட்டக் கேட்டன், வேணாமாம், பள்ளிக்கூடம் போறாளாம் என்று உம்மா சொல்வது கேட்டது. அதற்கு மாமா, உள்ளே அழுகிற சத்தம் கேட்கிறதே, வேண்டாம் என்றால் எதற்கு அழுகிறாள் என்று கேட்டார்.

"அழட்டும் காக்கா," என்றா உம்மா. "இவ்வளவு நாளும் அவள் அழல்ல."