சட்டைப்பையில் இருந்த பாஸ்

காலை பதினொன்று பத்து. மும்பை செம்பூரில் மனநல ஆலோசகரின் அறையில் என் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதங்களுக்கு முன் ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் விழுந்ததைப் பார்த்தவன், அதன்பின் ரயிலேறவில்லை. தினமும் ரயிலில் போய்வந்த பாண்டுப் வேலையில் அவன் போட்டிருந்த விடுப்பு அந்த வாரத்தோடு முடிந்துவிடும்.

“ரயிலேற எவ்வளவு தயாரா இருக்கீங்க? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க” என்றார் ஆலோசகர்.

“பத்து மேடம். இன்னைக்கே ஏத்திருவேன்” என்றேன் நான்.

“ஏறப்போறது அவருங்க.”

“ரெண்டு” என்றான் தம்பி. எனக்கு அவமானமாக இருந்தது.

“ஏன் பூஜ்யம் இல்ல?”

அவன் சட்டைப்பையிலிருந்து ரயில் பாஸை எடுத்து மேசைமேல் வைத்தான். அந்த மாதத்துப் பாஸ். “மாசாமாசம் எடுக்கேன்க்கா. வீட்ல ஆருக்கும் தெரியாது.”

ரயில் சத்தத்துக்கே நடுங்குபவன், எங்கள் வீட்டருகே சயான் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் மாதம் தவறாமல் நின்றிருக்கிறான். அவனைத்தான் சோம்பேறி என்று திட்டியிருந்தேன். அவனைப் பிடித்து ரயிலேற்ற செம்பூர் ஸ்டேஷனில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தேன். போன் செய்து அவர்களைப் போகச் சொன்னேன்.

அவனிடம் கேட்கும் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்வதில்லை. பாண்டுப் வேலை போய்விட்டது. இந்த மாதமும் பாஸ் எடுத்திருக்கிறான்.