வாசலில் நின்ற அண்ணன்காரன்

உபதேசியார் வேலை என்பது, பதில் தெரியாத கேள்விகளுக்கு முன்னால் பஸ் வரும்வரை தாக்குப்பிடிக்கிற வேலை.

பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆலயம் மாறி ஆலயம் போய்ப் பேசுகிறவன் நான். மைக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கு ஒட்டிப்போய் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு புரியும். எனக்கு அதிகம் கைகொடுப்பது கெட்ட குமாரன் உவமைதான். இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பசியோடு திரும்புகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், கன்றை அடித்து விருந்து வைக்கிறார். வீட்டோடு இருந்து உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். அவனைக் கெஞ்சி அழைக்க அப்பா வெளியே வருகிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. நான் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கன்றுக்குட்டி

லுணுகலைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான ஒரு லயத்து வாசலில் ஜெபக்கூட்டம். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்திருந்தன. அப்பா மகனைக் கட்டிப்பிடித்த இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் கொழுத்த கன்றை அடித்த இடத்துக்குப் போனேன். எல்லார் முகமும் சட்டென்று வாடிவிட்டது.

கொழுந்து எடுத்துக் களைத்து வரும்போதும், மாட்டுக்கென்று ஒரு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்து வருகிறவர்கள் அவர்கள். கூட்டம் முடிந்ததும் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணுக்கு மனசு ஆறவேயில்லை.

“மகன் வந்தது சந்தோஷந்தாங்க ஐயா. கன்னுக்குட்டிய காணோம்னு அந்தத் தாய்மாடு ராவெல்லாம் கத்தியிருக்குமே.”

கால் வலி

அதற்குப் பிறகு என் வாயில் கன்று கிடாவாக மாறிவிட்டது. கிடா வெட்டினார்கள் என்று சொன்னால் யாரும் முகம் வாடவில்லை. சபையில் எனக்கு மேலே இருக்கிறவர்களும் கண்டுகொள்ளவில்லை.

பதுளையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு பலசரக்குக் கடையில் உட்காருவேன். முருகன் படத்துக்குக் கீழே முதலாளி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நான். அன்றைக்கு என்ன பேசினேன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். இந்தக் கதையைச் சொன்னபோது இளையவனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவருடைய தம்பிமார் ஆளுக்கொரு தேசம் போய்விட்டார்கள், அப்பாவின் கடையோடு நின்றவர் இவர்தான். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்று மட்டும் கேட்டார். வேதத்தில் அது எழுதப்படவில்லை, நாமே யோசிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறது என்றேன். பருப்பை எடைபோட்டபடியே தலையை ஆட்டினார்.

“வெளிய நிக்கிறவனுக்குக் கால் வலிக்குமில்லீங்களா. அத எழுதாம விட்டது சரியில்ல.”

அம்மா எங்கே?

ஹாலிஎலயில் பெண்கள் கூட்டம். அங்கே வேறு பிரச்சினை. அந்த வீட்டில் அம்மா என்று ஒருத்தி இருந்தாளா இல்லையா? உவமை அப்பாவின் அன்பைப் பற்றியது என்று சமாளித்துப் பார்த்தேன். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்தவள் விடவில்லை.

“அம்மா இருந்திருந்தா மூத்தவன உள்ள வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்க மாட்டா. வெளியவே சோத்தக் கொண்டாந்து குடுத்திருப்பா.”

செல்வமேரியின் ஆடு

பூனாகலைப் பக்கம் சாமிதாஸ் ஐயாவைப் பல வருஷமாக எனக்குத் தெரியும். மனைவி இறந்த பிறகு அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. மூத்த மகள் செல்வமேரிதான் எல்லாம். கொழுந்துக்கும் போவாள், அப்பாவைக் குளிப்பாட்டியும் விடுவாள். வந்த வரன்களையெல்லாம் அப்பாவைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். தம்பி ராஜன் கொழும்புக்குப் போனவன், அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை.

அந்த ராஜன் திரும்பி வந்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுங்கள் என்று ஐயா போன் பண்ணினார். கதையே கண்ணெதிரில் நடக்கப்போகிறது என்று நானும் குஷியாகப் போனேன். வீட்டில் கறி வாசம். ராஜன் தலையைத் தூக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். செல்வமேரியைக் காணோம்.

லயத்துக்குப் பின்னால், காலியாகக் கிடந்த ஆட்டுக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்றார்கள். தாய் செத்துப்போன குட்டியைப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். சாயங்காலம் மலையிலிருந்து அவள் இறங்கும்போது எதிரே ஓடிவரும் ஆடு. தம்பிக்காகச் சாமான் வாங்க அவள் பண்டாரவளைக்குப் போயிருந்த நேரத்தில், ஐயா ஆள் வைத்து அதை வெட்டிவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே சொன்னீங்க ஐயா, மகன் வந்ததும் அந்த அப்பா கெடா வெட்டுனாருன்னு. நம்மகிட்ட இருந்தது அது ஒன்னுதானே.”

கூட்டுக்குப் பக்கத்தில்

முதலில் நான்தான் அவளிடம் போனேன். இதே கதையை எத்தனையோ மேடையில் பேசியவனுக்கு, மூத்த பிள்ளையிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவும் இல்லை. போன மாதிரியே திரும்பி வந்து வாசலில் நின்றேன்.

பிறகு சாமிதாஸ் ஐயா எழுந்தார். சுவரைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, தூறலில் போய் அவள் பக்கத்தில் ஈரக் கல்லில் உட்கார்ந்தார். வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. “ஒன்னயக் கேக்காம செஞ்சது தப்பு தாயி” என்றார். “நீ வர்ற வரைக்கும் நானும் இங்கனதான்.” அவள் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டாள்.

உள்ளே இலை போட்டும் யாரும் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ராஜன் ஒரு தட்டில் சோற்றையும் கறியையும் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனான். அக்கா முன்னால் நின்றான். தட்டை நீட்டினான். அவள் தட்டைப் பார்த்தாள். அப்புறம், அவன் வந்ததற்குப் பிறகு முதல்முறையாக, அவன் முகத்தைப் பார்த்தாள். என் கண்ணும் நிறைந்துவிட்டது.

“எனக்குக் கறி வேணாம்டா. பருப்பு ஊத்தி சோறு மட்டும் கொண்டா. அப்பாவுக்கும் சேத்து.”

*

இப்போதெல்லாம் அண்ணன்காரன் உள்ளே போனானா என்று யாராவது கேட்டால், அவன் போகவில்லை, சோறு வெளியே வந்தது என்று தைரியமாகச் சொல்லிவிடுகிறேன், விருந்துக்கு என்ன வெட்டினார்கள் என்கிற இடத்தை மட்டும் இருமிக்கொண்டே தாண்டிவிடுகிறேன்.