பாலோடு போட்ட மாத்திரை

எனக்கு ஏழாம் மாதம். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்றார்கள். போன மாதமும் அதே எட்டு. இப்படியே போனால் பிரசவத்தில் உடம்பு தாங்காது, ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் நர்சம்மா. என் அம்மா தம்பியைப் பெற்றபோது ரத்தம் போதாமல்தான் போய்ச் சேர்ந்தாள். நான் அப்போது சின்னப் பிள்ளை. தம்பி இன்றைக்குப் பட்டாளத்தில் இருக்கிறான், அவனுக்கு அம்மா முகம் போட்டோவில்தான் தெரியும். என் வயிற்றில் இருப்பதற்கும் அந்த விதி வந்துவிட்டால் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வேளைகூட நான் விட்டதில்லை. அப்பா விடவும் மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவருக்கு மாடுகள் உண்டு. பால்கோவா கடைக்கு ஊற்றியதுபோக, ஒரு தூக்குவாளிப் பாலோடு விடிந்ததும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்துவிடுவார். அவரே காய்ச்சி, ஆற்றி, மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் டம்ளரைக் காலி செய்கிறவரை நகரமாட்டார். எங்கள் வீட்டில் தலைவலி மாத்திரைக்கும் பால்தான். வெறும் தண்ணீரில் மருந்து விழுங்குவது நாதியற்றவர்கள் செய்கிற காரியம் என்பது அப்பா கட்சி.

இவ்வளவு செய்தும் ரத்தம் ஏறவில்லை என்றால் உள்ளுக்குள் வேறு ஏதோ வியாதி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மில்லில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செல்போனில் தேடி இன்னும் நாலு வியாதியைச் சேர்த்துச் சொன்னார். நல்ல மனுஷன், போங்கள்.

நர்சம்மாதான் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோறு தெம்புக்கு ஆச்சு, பருப்பும் முட்டையும் பிள்ளை வளர்வதற்கு, எண்ணெயில் கொஞ்சம் கொழுப்புச்சத்து, காய் பழத்தில் விட்டமின், எல்லாம் ஓரளவு சரிதான் என்றார். கடைசியில், மாத்திரையை எதில் போடுகிறாய் என்றார். பாலில் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பால் எலும்புக்கு நல்லதும்மா. ஆனா இரும்புச்சத்த ஒழுங்கா ரத்தத்துல சேர விடாது. ரெண்டையும் சேத்தா போடுதே?"

இனிமேல் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடு, பாலைத் தனியாகச் சாயங்காலம் குடி, முருங்கைக்கீரை சேர்த்துக்கொள், ஏறிவிடும் என்றார். அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். எனக்கோ படி இறங்கும்போதே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மனுஷர் மனசு விட்டுப்போவாரே.

மறுநாள் காலையில் அவர் பாலை ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பொய்யைச் சொன்னேன். காலையில் பால் குமட்டுகிறது, சாயங்காலம் குடித்துக்கொள்கிறேன், மாத்திரையைத் தண்ணீரில் போடுகிறேன் என்றேன். ஆற்றுகிற கை நின்றது. முகம் சுண்டிப்போனது.

"உங்கம்மாவுக்குந்தான் கொமட்டும். அதுக்காவ விட்டுருவனா? ஒருநா கூட சத்து மாத்திரைய தண்ணியில போட விட்டதில்ல தாயி. பக்கத்துலயே நின்னு பால்லதான் குடுத்தேன்."

அம்மாவுக்கும் ரத்தம்தானே போதாமல் போனது. அவர் டம்ளரை நீட்டியபடி நின்றார். என் முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து, அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். மாத்திரையை மட்டும் வாயில் போடுகிற மாதிரி காட்டி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். அவர் திருப்தியாகத் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவரை அந்தக் கையை நான் திறக்கவில்லை.